‘ஊஊ...’ என்று காருக்குள் ரீங்காரமா? வீல் பேரிங்கை வீட்டு வாசலிலேயே மாற்றலாமா?

பரனூர் டோல்கேட்டைத் தாண்டியாகிவிட்டது. சாலை விரிகிறது. வேகம் 60, 70, 80 என ஏறுகிறது. அப்போதுதான் அந்தச் சத்தம் மெல்லத் தலைகாட்டும். ‘ஊஊ...’ என்று, எங்கோ தூரத்தில் விமானம் பறப்பது போல. பின் சீட்டில் இருக்கும் அம்மா, “என்னப்பா இது, வண்டு பறக்குற மாதிரி கேக்குது?” என்பார். ஓட்டுபவர், “ரோடு அப்படிம்மா” என்று சொல்லிவிட்டுப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவார். திண்டிவனம் வருவதற்குள் பாட்டையும் மீறி அது கேட்கும்.

ஊருக்குப் போய்த் திரும்பியதும் மெக்கானிக்கிடம் காட்டினால், ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவார்: “வீல் பேரிங்.” அதன் பிறகு சர்வீஸ் சென்டர் தரும் எஸ்டிமேட்டைப் பார்த்துத் திகைத்து, இரவு முழுக்க வீடியோ பார்த்து, ‘இதை நாமே செய்தால் என்ன?’ என்று கையைத் தேய்த்துக்கொள்பவர்கள் இப்போது நிறையப் பேர். ஆயில் மாற்றுவதையும் ஏர் ஃபில்டர் மாற்றுவதையும் வீட்டிலேயே பழகிவிட்டவர்களுக்கு இது அடுத்த படி போலத் தெரியும்.

படிதான், ஆனால் உயரமான படி. இந்த வேலையில் பாதியை வீட்டில் செய்யலாம். மீதிப் பாதியை வீட்டில் செய்யக் கூடாது. எந்தப் பாதி எது என்று தெரியாமல் சுத்தியலை எடுப்பவர்கள்தான், புதுப் பேரிங் போட்ட இரண்டே மாதத்தில் அதே ‘ஊஊ’வைத் திரும்பக் கேட்கிறார்கள்.

முதலில், குற்றவாளி பேரிங்தானா?

ஓடும் காரில் சத்தம் எழுப்ப ஆட்கள் நிறைய உண்டு. டயர், இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக், டிரைவ் ஷாஃப்ட் என எல்லோரும் சந்தேக வளையத்தில்தான் இருப்பார்கள். பேரிங் சத்தத்துக்கு ஒரு குணம் உண்டு. அது காரின் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கும்; இன்ஜினைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. ஆளில்லாத நேரான சாலையில் ஒரே வேகத்தில் போய்க்கொண்டே நான்காவது கியரிலிருந்து ஐந்துக்கு மாற்றிப் பாருங்கள். இன்ஜின் சத்தம் இறங்கும். ரீங்காரம் அப்படியே இருந்தால், அது இன்ஜின் இல்லை.

டயரைப் பிரிப்பதுதான் கஷ்டம். மேடு பள்ளமாகத் தேய்ந்த டயரும் கிட்டத்தட்ட இதே ராகம்தான் பாடும். சிமென்ட் சாலையிலிருந்து தார்ச்சாலைக்கு மாறும்போது சத்தம் கேட்கும்படி மாறினால் டயர் மேல் சந்தேகம் வையுங்கள். முன் டயர்களையும் பின் டயர்களையும் இடம் மாற்றிப் போட்ட பிறகு சத்தமும் கூடவே இடம் மாறினால் சந்தேகமே வேண்டாம், டயர்தான். இந்தச் சோதனையைச் செய்யாமல் நல்ல பேரிங்கைக் கழற்றி எறிந்தவர்கள் ஏராளம்.

அடுத்தது, எந்தப் பக்கம்? வளைவில் திரும்பும்போது காரின் எடை வெளிப்பக்கச் சக்கரங்கள் மேல் சாயும். இடதுபுறம் திரும்பும்போது ரீங்காரம் கூடினால், எடை தாங்கும் வலது பக்கப் பேரிங் மேல் சந்தேகம். வலதில் திரும்பும்போது கூடினால் இடது பக்கம். இது நூற்றுக்கு நூறு சரியாக இருக்காது; ஆனால் தேடத் தொடங்க நல்ல இடம். முன்னாலா, பின்னாலா என்று காது குழம்பினால் செல்போனைப் பயன்படுத்துங்கள். ஓட்டுபவர் அல்ல, கூட வருபவர் முன் சீட்டுக்குக் கீழே ஒரு முறை, பின் சீட்டில் ஒரு முறை என அதே வேகத்தில் பதிவு செய்து, வீட்டுக்கு வந்து இயர்போனில் கேட்டால் வித்தியாசம் தெரியும்.

கடைசியாகக் கையால் ஒரு சோதனை. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழுமாக, அதாவது கடிகாரத்தின் 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ‘டக் டக்’ என்று ஆட்டம் தெரிந்தால் பேரிங்காக இருக்கலாம், லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட்டாகவும் இருக்கலாம். 9 மணி, 3 மணி இடங்களில் மட்டும் ஆட்டம் தெரிந்தால் ஸ்டீயரிங் பக்கத்து டை ராட் எண்டைப் பாருங்கள். ஆட்டமே இல்லாவிட்டாலும் பேரிங் நல்லது என்று அர்த்தமில்லை. ஒரு கையைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல் வைத்துக்கொண்டு, மறு கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். அம்மிக்கல்லில் மணல் அரைபடுவது போல ஒரு நறநறப்பு ஸ்பிரிங் வழியாகக் கைக்கு வரும். வந்தால், அதுதான்.

உள்ளே என்ன நடக்கிறது?

பழைய பேரிங் மூன்றை வாங்கிப் பலகையில் பூட்டி ‘பேரிங் வண்டி’ ஓட்டிய தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டாம். வெளியே ஒரு வளையம், உள்ளே ஒரு வளையம், நடுவில் எஃகு உருண்டைகள். உருண்டைகள் ஒன்றோடொன்று மோதாமல் பிரித்து வைக்க ஒரு கூடு. இவ்வளவுதான். இன்றைய கார்ச் சக்கரத்தில் இந்த உருண்டைகள் பெரும்பாலும் இரண்டு வரிசையாக இருக்கும். உள்வளையமும் இரண்டு துண்டாக இருக்கும். உள்ளே கிரீஸ் அடைத்து, இருபுறமும் ரப்பர் சீல் போட்டு, ஆலையிலேயே மூடிவிடுகிறார்கள். அம்பாஸடர் காலத்தில் சக்கரத்தைக் கழற்றி, புது கிரீஸ் அடைத்து, நட்டைச் சரிசெய்து மறுபடி ஓட்டினார்கள். அதற்கும் முன்னால் மாட்டு வண்டி அச்சுக்கு வண்டி மை போட்டார்கள். இப்போது அந்த வாய்ப்பு இல்லை. பெரும்பாலான கார்களில் கிரீஸ் போட வழியும் இல்லை, போடத் தேவையும் இல்லை. போனால் மாற்றவேண்டியதுதான்.

ஏன் போகிறது? கி.மீ கணக்கில் வயதாகிப் போவது ஒரு வகை. பெயின்ட் அடிக்காத வேகத்தடையில் 50 கி.மீ வேகத்தில் ஏறுவது, பள்ளத்தில் ‘டமால்’ என்று இறங்குவது இன்னொரு வகை. அந்த அடியில் உருண்டை, வளையத்தின் பாதையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழியை உண்டாக்கும். அதன் பிறகு ஒவ்வொரு உருண்டையும் அந்தக் குழியைக் கடக்கும்போதெல்லாம் ஒரு சின்ன ‘டிக்’. நிமிடத்துக்குப் பல நூறு சுற்று சுற்றும்போது அந்த ‘டிக்’குகள் எல்லாம் சேர்ந்துதான் ‘ஊஊ’ ஆகிறது. அழகுக்காக அகல டயரும், வெளியே துருத்தும் அலாய் வீலும், ஸ்பேசரும் மாட்டியிருந்தால் பேரிங் மேல் விழும் நெம்புவிசை கூடும். அதன் ஆயுளும் அந்த அளவுக்குக் குறையும்.

நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு: தண்ணீர். சென்னைக்காரர்களுக்கு 2015 டிசம்பரும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரும் மறக்காது. சக்கரம் மூழ்கத் தண்ணீரில் நின்ற கார்களுக்கு இன்ஜினைப் பார்த்தார்கள், சீட்டைக் காயவைத்தார்கள். பேரிங்கை யாரும் நினைக்கவில்லை. ஓடி வந்து சூடாக இருக்கும் ஹப், சட்டென்று குளிர்ந்த வெள்ளத்தில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும் காற்று, சீலின் விளிம்பு வழியே கொஞ்சம் தண்ணீரையும் சேற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அன்று ஒன்றும் தெரியாது. துரு தன் வேலையை மெதுவாகச் செய்து, மாதங்கள் கழித்துத்தான் குரல் கொடுக்கும். வாட்டர் வாஷில் அதிவேகப் பீய்ச்சியை ஹப்புக்கு நேராகப் பிடிப்பதும் சீலுக்கு நல்லதில்லை.

சத்தம்தானே, ஓட்டிக்கொள்ளலாம் என்று விட்டால்? குழி பெரிதாகி, ஆட்டம் வரும். ஆட்டம் வந்தால் டிஸ்க் ஆடும், பிரேக் பெடல் ஆழமாக இறங்கும், ஏபிஎஸ் விளக்கு எரியும். கடைசிக் கட்டத்தில் பேரிங் சூடேறி இறுகும் அல்லது உடையும். ஓடும் காரில் சக்கரம் கழன்றுபோவது அரிது. ஆனால் அந்த அரிய சம்பவம் நடக்கும் வரிசையில் முதல் அறிகுறி இந்தச் சத்தம்தான். நறநறப்பு கைக்குத் தெரியும் நிலையில் நெடுஞ்சாலைப் பயணம் வேண்டாம். ஆட்டமும் சேர்ந்துவிட்டால் பக்கத்துத் தெருவுக்குக்கூட வேண்டாம்.

உங்கள் காரில் இருப்பது எந்த வகை?

வீட்டில் செய்யலாமா, கூடாதா என்பதை உங்கள் திறமையைவிட இந்தக் கேள்விதான் முடிவு செய்யும்.

சில கார்களில் பேரிங்கும் ஹப்பும் சேர்ந்து ஒரே பொட்டலமாக வரும். ‘ஹப் யூனிட்’ என்பார்கள். பழையதை மூன்று அல்லது நான்கு போல்ட்டுகள் பிடித்திருக்கும். கழற்றி, புதியதை அதே இடத்தில் வைத்து, போல்ட்டைச் சொன்ன அளவுக்கு இறுக்கினால் முடிந்தது. பின் சக்கரங்களில் இது பரவலாக இருக்கிறது. வீட்டு வேலைக்கு இதுதான் தோது.

பின்னால் டிரம் பிரேக் உள்ள பல சிறிய கார்களில், டிரம்மோடு சேர்ந்தே பேரிங் இருக்கும். நடுவில் இருக்கும் தகர மூடியைத் தட்டி எடுத்து, நட்டைக் கழற்றினால் டிரம் பேரிங்கோடு கையில் வந்துவிடும். அதற்குள்ளிருந்து பேரிங்கை எடுத்துப் புதியதைச் செருக மட்டும் பிரஸ் வேண்டும்.

மூன்றாவதுதான் கடினம். நம் ஊர்ச் சிறிய கார்கள் பலவற்றின் முன் சக்கரத்தில் இருப்பதும் இதுதான். பேரிங்கை, நக்கிள் எனப்படும் வார்ப்பு இரும்புத் துண்டின் ஓட்டைக்குள் டன் கணக்கில் அழுத்தம் கொடுத்துச் செருகியிருப்பார்கள். அந்தப் பேரிங்கின் நடுவே ஹப்பை அழுத்திச் செருகியிருப்பார்கள். வெளியே வராமல் இருக்க ஒரு லாக் வளையம் வேறு. இதைச் சுத்தியலால் அடித்து மாற்றும் வீடியோக்கள் கோடிக்கணக்கான பார்வைகளோடு வலம் வருகின்றன. வீடியோ எடுத்தவர் மூன்று மாதம் கழித்து அந்தக் காரை ஓட்டிக் காட்டும் வீடியோ மட்டும் கண்ணில் படுவதில்லை.

எந்த வகை என்பதை உதிரிபாகக் கடையில் உங்கள் காரின் மாடல், ஆண்டு, சேசிஸ் நம்பரைச் சொன்னாலே தெரிந்துவிடும். கார் வாரன்ட்டியில் இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம். நேராக சர்வீஸ் சென்டர்.

பேரிங் வாங்கும்போது இரண்டு விஷயம். ஒன்று, போலி. பெட்டி, முத்திரை, எழுத்து எல்லாம் அச்சு அசலாக இருக்கும் போலிப் பேரிங்குகள் சந்தையில் உண்டு. பாதி விலை என்றால் பாதி ஆயுள்கூட நிச்சயமில்லை. அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குங்கள். எஸ்கேஎஃப் போன்ற நிறுவனங்கள் அசலா, போலியா என்று சரிபார்க்க செல்போன் ஆப்பும் வைத்திருக்கின்றன. இரண்டு, கூடவே மாற்றவேண்டிய சின்னச் சாமான்கள். புது ஆக்ஸில் நட், லாக் வளையம், ஸ்பிளிட் பின் எல்லாம் சேர்த்து வாங்கிவிடுங்கள். ஒரு முறை தட்டி மடக்கிய நட்டை மறுபடி பயன்படுத்துவது சில ரூபாய் மிச்சம் பிடிக்கும் கெட்ட யோசனை.

ஜாக்கி மேல் நம்பிக்கை வேண்டாம்

காரோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும்தான். அதைத் தூக்கி நிறுத்திவிட்டு, காருக்குள் தலையை விட்டு, ஸ்பேனரைத் தம் கட்டி இழுத்தால் ஜாக்கி சாயும். சாய்ந்தால் அடுத்து நடப்பதைச் சொல்லத் தேவையில்லை.

கெட்டியான சிமென்ட் தளம் வேண்டும். வெயிலில் இளகிய தார்ச்சாலை, மண் தரை, சரிவான கார் ஷெட் எதுவும் ஆகாது. தரையில் இருக்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வையுங்கள். காரைத் தூக்கியதும், கையேடு காட்டும் இடத்தில் ஆக்ஸில் ஸ்டாண்ட் கொடுங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்ட் ஆகாது. எந்த எச்சரிக்கையும் தராமல் நொறுங்கும். கழற்றிய சக்கரத்தைக் காரின் ஓரத்துக்கு அடியில் படுக்கவைத்துவிட்டால், ஸ்டாண்ட் ஏமாற்றினாலும் ஒரு பிடிமானம் இருக்கும். பிள்ளைகள் வேடிக்கை பார்க்கட்டும், தள்ளி நின்று. பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும். பிரேக்கை மிதிக்க எப்படியும் ஓர் ஆள் தேவைப்படும்.

கழற்றும் பாதி: இது வீட்டு வேலை

முன் சக்கரம், அழுத்திச் செருகிய வகை என்று வைத்துக்கொள்வோம். முதல் சவால் நடுவில் இருக்கும் அந்தப் பெரிய ஆக்ஸில் நட். சிறிய கார்களிலேயே பொதுவாக 150 முதல் 300 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கப்பட்டிருக்கும். 200 நியூட்டன் மீட்டர் என்றால், அரை மீட்டர் நீள ஸ்பேனரின் முனையில் 40 கிலோ எடையைத் தொங்கவிட்ட மாதிரி. துருவும் சேர்ந்தால் இன்னும் அதிகம் கேட்கும். அதனால் கார் தரையில் நிற்கும்போதே, ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, மற்றவர் நட்டை இளக்கவேண்டும். இளக்குவதோடு சரி, நட் தளர்ந்த நிலையில் காரை உருட்டக் கூடாது. முந்தைய நாள் இரவே துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து வைத்தால் காலையில் பாதி போராட்டம் குறையும்.

காரைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் காலிபர். அதைக் கழற்றி, அதன் ரப்பர் ஹோஸில் தொங்கவிடாமல், ஸ்பிரிங்கில் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். காலிபரின் எடை ஹோஸ் மேல் விழுந்தால் உள்ளே கிழியும், வெளியே தெரியாது. ஏபிஎஸ் சென்சார் இருந்தால் அதன் போல்ட்டை எடுத்து மெதுவாக உருவுங்கள். துருவோடு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், பிளாஸ்டிக் உடைந்துவிடும். ஸ்பிரே, பொறுமை, இரண்டும் போதும்.

பிறகு டை ராட் எண்ட், லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பரோடு நக்கிளைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகள். அந்தப் போல்ட்டுகளைத் தொடுவதற்கு முன் அவை இருக்கும் நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் நெயில் பாலிஷ் போதும். போல்ட் தலையிலிருந்து நக்கிள் வரை ஒரு கோடு. பல கார்களில் சக்கரத்தின் சாய்மானம் அங்கேதான் நிர்ணயமாகிறது. டிரைவ் ஷாஃப்ட் ஹப்பிலிருந்து வராமல் அடம் பிடித்தால், நட்டை முனை வரை திரும்பப் பூட்டி, மரக்கட்டையை வைத்துத் தட்டுங்கள். வெறும் சுத்தியலால் ஷாஃப்ட் முனையில் அடித்தால் மரை நசுங்கும்; அப்புறம் பேரிங்கோடு ஷாஃப்ட்டும் வாங்கவேண்டும். ஷாஃப்ட்டை வெளிப்பக்கம் அதிகமாக இழுக்காதீர்கள். உள்ளே இருக்கும் இணைப்பு கழன்றுவிடும்.

ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் ஒரு போட்டோ. கழற்றிய போல்ட்டுகளைப் பழைய இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாகப் போட்டு வைப்பவர்கள் உண்டு. கிண்டல் செய்யவேண்டாம், அருமையான ஏற்பாடு. (அந்தத் தட்டு திரும்பவும் சமையலறைக்குப் போகக் கூடாது என்பது தனி ஒப்பந்தம்.)

இப்போது நக்கிள் ஹப்போடு சேர்ந்து கையில் இருக்கிறது. வீட்டில் செய்யக்கூடிய முதல் பாதி இங்கே முடிகிறது.

அழுத்தும் பாதி: இது லேத் பட்டறை வேலை

நக்கிளையும் புதுப் பேரிங்கையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, ஹைட்ராலிக் பிரஸ் இருக்கும் லேத் பட்டறைக்கோ மெக்கானிக் ஷெட்டுக்கோ போங்கள். நக்கிள் மட்டும் கையில் வந்தால் பிரஸ்காரருக்கு அரை மணி நேர வேலை. முழு வேலைக்கான கூலியோடு ஒப்பிட்டால் சிறிய தொகைதான் கேட்பார்.

பிரஸ் ஏன் இவ்வளவு முக்கியம்? பேரிங்கை நக்கிளுக்குள் செருகும்போது அழுத்தம் வெளிவளையத்தில் மட்டும்தான் விழவேண்டும். ஹப்பைப் பேரிங்குக்குள் செருகும்போது உள்வளையத்துக்கு அடியில் மட்டும்தான் தாங்கு கொடுக்கவேண்டும். இந்த இரண்டும் மாறிப்போனால், டன் கணக்கான விசை எஃகு உருண்டைகள் வழியாகப் பாய்ந்து, வளையத்தில் குழி போட்டுவிடும். பள்ளத்தில் விழுந்தால் வரும் அதே குழி. வித்தியாசம் என்னவென்றால், இது காரில் மாட்டுவதற்கு முன்பே வந்துவிடும். சுத்தியல் அடியில் ஒவ்வொரு அடியும் அப்படி ஒரு குழிக்கு வாய்ப்பு. இரண்டு மாதத்தில் திரும்பி வரும் ‘ஊஊ’வின் ரகசியம் இதுதான்.

அனுபவசாலி பட்டறைக்காரருக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் கூட்டமான நேரத்தில், கைக்குக் கிடைத்த இரும்புத் துண்டை வைத்து அழுத்துபவர்களும் இருக்கிறார்கள். “அண்ணே, வெளி ரிங்லயே அமுக்குங்க” என்று ஒரு வார்த்தை சொல்லிவைப்பதில் தவறில்லை. “நமக்குத் தெரியாதா சார்?” என்று முறைப்பார். பரவாயில்லை.

அங்கேயே கவனிக்கவேண்டியவை இன்னும் உண்டு. ஹப்பை வெளியே தள்ளும்போது பழைய பேரிங்கின் உள்வளையங்களில் ஒன்று பெரும்பாலும் ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டு வரும். அதைப் புல்லர் வைத்து எடுக்கவேண்டும். கிரைண்டரால் வெட்டினால் ஹப்பில் கீறல் விழும். ஹப்பில் ஆழமான கீறலோ, பேரிங் சுற்றித் தேய்த்த பள்ளமோ இருந்தால் ஹப்பையும் மாற்றத்தான் வேண்டும். நக்கிளின் ஓட்டையில் இருக்கும் துருவைச் சுத்தமாகத் துடைத்த பிறகுதான் புதியது உள்ளே போகவேண்டும்.

ஏபிஎஸ் இருக்கும் கார் என்றால் இன்னொரு பொறி காத்திருக்கிறது. பல பேரிங்குகளில் ஒரு பக்க சீலிலேயே காந்த வளையம் இருக்கும்; சக்கரத்தின் வேகத்தை சென்சார் அதிலிருந்துதான் படிக்கிறது. அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து இருக்கவேண்டும். திருப்பிப் போட்டாலும் பேரிங் அழகாக உள்ளே போகும், சக்கரமும் சுற்றும். ஆனால் டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு அணையவே அணையாது. மறுபடி எடுத்தால் அந்தப் புதுப் பேரிங் வீண். ஹப்பைப் பிரித்த பேரிங்கைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. எந்தப் பக்கம் காந்தம் என்று கண்ணுக்குத் தெரியாது. ஒரு குண்டூசியை மெல்லக் காட்டிப் பாருங்கள். ஒட்டும் பக்கம்தான் சென்சார் பக்கம். ஸ்பீக்கர், காந்தத் தட்டு போன்றவற்றுக்குப் பக்கத்தில் பேரிங்கை வைக்காதீர்கள்.

ஃப்ரீஸர் வைத்தியம் பற்றியும் கேட்பார்கள். பேரிங்கை இரவு முழுக்க ஃப்ரீஸரில் வைத்தால் சுருங்கி, சுலபமாக உள்ளே போகுமாமே? உண்மைதான், ஓரளவு. 70 மி.மீ விட்டமுள்ள எஃகு வளையம், 50 டிகிரி குளிர்ந்தால் சுமார் 0.04 மி.மீ சுருங்கும். பிரஸ்காரருக்கு அது ஒரு சின்ன உதவி. பிரஸ்ஸுக்கு அது மாற்று இல்லை. வீட்டிலிருந்து பட்டறைக்குப் போகும் வழியிலேயே நம் ஊர் வெயில் பாதிக் குளிரைத் தின்றுவிடும், மேலே தண்ணீரும் கோத்துக்கொள்ளும். ஐஸ்க்ரீம் டப்பாவுக்குப் பக்கத்தில் அதை வைத்ததற்கு வாங்கிக்கட்டிக்கொள்வது தனி. இன்னொரு பக்கம், நக்கிளைக் கேஸ் அடுப்பிலோ டார்ச்சிலோ சூடாக்குவது... வேண்டவே வேண்டாம்.

திரும்பப் பூட்டும் பாதி

நக்கிள் வீட்டுக்கு வந்ததும், கழற்றிய வரிசையைத் தலைகீழாகத் திருப்பினால் போதும். போட்டோக்கள் இப்போது கைகொடுக்கும். நெயில் பாலிஷ் கோடுகள் நேருக்கு நேர் வரட்டும். டிஸ்க்கிலும் பிரேக் பேடிலும் கிரீஸ் விரல் படவேண்டாம். பட்டால் பிரேக் கிளீனர் போட்டுத் துடையுங்கள்.

இந்த வேலையின் உயிர், கடைசியில் வரும் ஆக்ஸில் நட்டில் இருக்கிறது. அந்த நட் சக்கரத்தைப் பிடித்து வைப்பதற்கு மட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது, இரண்டு துண்டு உள்வளையங்களை ஒன்றோடு ஒன்று நெருக்கி, உருண்டைகளுக்கு எவ்வளவு இடைவெளி என்பதையே தீர்மானிக்கிறது. தளர்வாக இருந்தால் உருண்டைகள் ஆடும், பேரிங் சீக்கிரம் சாகும். ‘இருக்கட்டும்’ என்று இரும்புப் பைப் மாட்டி மேலே ஏறி மிதித்தால் மரை இழுபடும். உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும் அளவு, அந்த அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச், இரண்டும் இல்லாமல் இந்த வேலையை ஆரம்பிக்கவே கூடாது. கை அளவு, கண் அளவு எல்லாம் சமையலுக்குச் சரி.

இறுக்கும்போது கார் ஸ்டாண்டிலேயே நிற்கட்டும். ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, நட்டை முழு அளவுக்கு இறுக்கி, ஸ்பிளிட் பின் போட்டோ விளிம்பைத் தட்டி மடக்கியோ பூட்டிய பிறகுதான் காரின் எடை அந்தச் சக்கரத்தில் இறங்கவேண்டும். நட் தளர்வாக இருக்கும்போது எடை இறங்கினால், புதுப் பேரிங் முதல் நாளே அடிபடும். சக்கர நட்டுகளுக்கும் ஓர் அளவு உண்டு. சிறிய கார்களில் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர். நட்சத்திர வரிசையில், எதிரெதிராக இறுக்குங்கள்.

கிளம்புவதற்கு முன் ஒரு காரியம் மறக்கவே கூடாது. பிரேக் பெடலைக் கெட்டியாகும் வரை நாலைந்து முறை மிதியுங்கள். காலிபரைக் கழற்றி மாட்டும்போது பிஸ்டன் உள்ளே போயிருக்கும். முதல் மிதிப்பு வெறும் காற்றில் போகும். அது கேட்டுக்கு முன்னால் தெரிந்தால் பரவாயில்லை, தெருமுனையில் தெரியக் கூடாது.

தெருவுக்குள் மெதுவாக ஒரு சுற்று. பிரேக் பிடிக்கிறதா, ஏபிஎஸ் விளக்கு அணைந்ததா, ஸ்டீயரிங் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். பத்துப் பதினைந்து கி.மீ ஓட்டிய பிறகு, இரண்டு பக்கச் சக்கரங்களின் நடுப்பகுதிக்கும் அருகில் கையைக் கொண்டுபோங்கள், தொடவேண்டாம். மாற்றிய பக்கம் மட்டும் அனலாக வீசினால் எங்கோ தவறு, அப்படியே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். எல்லாம் சரி என்றால் அடுத்த வேலை வீல் அலைன்மென்ட். நக்கிளைக் கழற்றிய பிறகு அதைத் தவிர்த்தால் புது டயரை நாமே தேய்த்துக்கொள்கிறோம். சுமார் 100 கி.மீ ஓடியதும் சக்கர நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்ச்சால் சரிபாருங்கள்.

ஒரு பக்கம் மாற்றினால் மறு பக்கமும் மாற்றவேண்டுமா? வேண்டாம். பிரேக் பேட் மாதிரி இது ஜோடியாக மாற்றும் சாமான் இல்லை. கார் வெள்ளத்தில் நின்றிருந்தால் மட்டும் மற்ற மூன்றையும் ஒரு முறை சுற்றிப் பாருங்கள். ஏற்கெனவே ஜாக்கியும் ஸ்டாண்டும் வெளியேதானே இருக்கின்றன.